மிதிவண்டிக்கும் ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் டான்யூப் நதிக்கரை மிதிவண்டிப் பயணம் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில், சென்ற ஆண்டு ஜூன் மாதம் நானும் என் மனைவியும் பயணம் செய்திருக்கிறோம். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைக் கட்டுரையாளர் வருணித்திருந்த அழகு எங்களை மறுபடியும் அங்கே அழைத்துச் சென்றது. ஆனால், களைத்துவிட்டால் மிதிவண்டியோடு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம் என்று அவர் ஒரே வரியில் சொல்லிச் சென்றிருப்பது சரியன்று. அந்த வரியை நம்பிப் புறப்படும் வாசகர்கள் வழியில் தவித்துப்போவார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

டான்யூப் பயணத்தைப் பெரும்பாலோர் நதி ஓடும் திசையிலேயே செல்கிறார்கள். வந்த வழியே மிதித்துத் திரும்புபவர்கள் குறைவு. எனவே ரயில் என்பது களைப்புக்கு மாற்று மட்டுமன்று, பயணத்தின் சரிபாதி. நாங்கள் மியூனிக்கில் வசிக்கும் எங்கள் மகனின் வீட்டிலிருந்து இரண்டு மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் நின்று செல்லும் வட்டார ரயிலில் பாசாவை அடைந்தோம். வாரநாள் முற்பகல் என்பதால் இடம் தாராளமாக இருந்தது. அந்த எளிமையே எங்களை ஏமாற்றிவிட்டது. திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று எண்ணி, வியன்னாவை அடைந்த பிறகுதான் விரைவு ரயிலில் இடம் கேட்டோம். எங்களுக்கு இருக்கைகள் இருந்தன, மிதிவண்டிகளுக்கு இடமில்லை. அடுத்த இரண்டு நாள்களுக்கும் அதே நிலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் எளிது. அங்குள்ள நெடுந்தூர விரைவு ரயில்களில் மிதிவண்டிக்குத் தனிப் பயணச்சீட்டு மட்டும் போதாது. எண்ணிட்ட ஓர் இடத்தையும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். அந்த இடங்களோ மிகச் சில. ஐசிஇ என்பவை ஜெர்மனியின் அதிவேக ரயில்கள். அவற்றில் 2017ஆம் ஆண்டு முதல் ஓடும் ஐசிஇ 4 ரயிலின் 12 பெட்டி வகையில் 830 இருக்கைகள் உள்ளன. மிதிவண்டிகளுக்கு 8 இடங்களே உள்ளன. அதற்கு முந்தைய பெரும்பாலான ஐசிஇ வகைகளில், மடித்தோ கழற்றிக் கட்டியோ எடுத்துச் சென்றால் தவிர, மிதிவண்டிக்கு இடமே கிடையாது.

வட்டார ரயில்களின் முறை வேறு. அவற்றில் மிதிவண்டிக்குச் சீட்டு வாங்கினால் பெரும்பாலும் போதும்; ஆனால் அந்தச் சீட்டு இடத்துக்கு உறுதி அளிப்பதில்லை. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முன்னுரிமை, அது நியாயமும்கூட. விரைவு ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கக்கூடிய வியன்னா - மியூனிக் தூரத்தை, நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் புறப்பட்டு, வட்டார ரயில்களில் நான்கு முறை மாறி, இரவு 8 மணிக்கு மேல் கடந்து முடித்தோம். இடையில் ஒரு ரயிலில், கையில் சீட்டு இருந்தும் நடத்துநர் எங்களை ஏற்ற மறுத்துவிட்டார். உள்ளே மிதிவண்டிகள் கதவு வரை அடைத்து நின்றதைப் பார்த்தபோது அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் கோடைக்கால வார இறுதியைத் தவிர்த்திருக்க வேண்டும் என்று புரிந்தது.

நம் ஊரில் மிதிவண்டியைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து ஒப்படைத்துவிட்டால் ஏற்றுவதும் இறக்குவதும் ரயில்வேயின் வேலை. அங்கே எல்லாம் பயணியின் கையில்தான். மிதிவண்டிக்குரிய பெட்டி பெரும்பாலும் ரயிலின் ஒரு கோடியில் இருக்கும். நடைமேடையில் ஏ, பி என எழுத்திட்ட பகுதிகளில் அது எதில் வந்து நிற்கும் என்பதை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே பார்த்து, அங்கே போய் நிற்க வேண்டும். பல நிலையங்களில் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும். கேரியரில் மாட்டிய பைகளை ரயில் வருவதற்கு முன்பே கழற்றி வைத்துக்கொள்ளாவிட்டால் அந்த இரண்டு நிமிடம் போதாது. சில ரயில்களில் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி மிதிவண்டியைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். என் மனைவியால் அதைத் தனியாகத் தூக்க இயலவில்லை. 25 கிலோ எடையுள்ள மின்சார மிதிவண்டியை வாடகைக்கு எடுக்க நினைக்கும் என் வயதினர் இதை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ரயில் பயணிகள் உரிமை விதி, புதிதாக வாங்கும் அல்லது பெரிய அளவில் புதுப்பிக்கும் ரயில்களில் குறைந்தது 4 மிதிவண்டி இடங்கள் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரயில்களை அது மாற்றிவிடாது. ஒரு குடும்பமே நிரப்பிவிடக்கூடிய அந்த நான்கு இடங்கள் போதும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையாளர் அடுத்து ரைன் நதிப் பாதையைப் பற்றி எழுதவிருப்பதாகக் குறிப்பிட்டுள்ளார். அப்பாதை தொடங்கும் சுவிட்சர்லாந்தில், இன்டர்சிட்டி ரயில்களில் மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை மிதிவண்டிக்கு முன்பதிவு கட்டாயம். அது முடியும் நெதர்லாந்தில், வாரநாள்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் மடிக்காத மிதிவண்டியை ரயிலில் ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இவ்விவரங்களையும் அந்தக் கட்டுரையில் தனிப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.