வேடந்தாங்கல் போய் வந்தேன்

சென்னை
டிசம்பர் 18

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே பதில் தள்ளிப் போய்விட்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

என் சேதி: பதவி உயர்வு வந்துவிட்டது, இனி நான் பேராசிரியர். “இயற்கை வள நிர்வாகம்னா கலெக்டர் வேலையா?” என்று அம்மா கேட்டாள். நம்ம ஊர் ஏரியில் மடை திறப்பது யார் என்று திருப்பிக் கேட்டேன். “நீர்க்கட்டி” என்றாள். அதைத்தான் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன் என்றதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

போன ஞாயிறு மாணவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். நத்தைகுத்தி நாரை ஒன்று பச்சைக் குச்சியைக் கொண்டு வந்தது. கூட்டில் இருந்த ஜோடி அதை வாங்கி, மூன்று முறை இடம் மாற்றிச் செருகியது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கரையில் ஒரு பெரியவர், “எச்சம் விழுந்த தண்ணி, அதுவே உரம்” என்றார். பறவைகளைச் சுடவிடக் கூடாது என்று அந்த ஊர் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியிருக்கிறது. தீபாவளிக்கும் அங்கே வெடிச் சத்தம் கிடையாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் கேட்டாள்: “பட்டாசு வெடிக்காம இருக்கிற ஊருக்கு, நாம வாங்கின டிக்கெட்ல பங்கு உண்டா மேடம்?” அடுத்த பருவத்தில் நான் தொடங்கும் இயற்கைச் சுற்றுலாப் பாடத்துக்கு இதுதான் முதல் கேள்வி. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதெல்லாம் அப்புறம்.

பழவேற்காட்டில் நான் ஆய்வு செய்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை போடுவது என்று மீனவர்களே கூடி முடிவு செய்யும் பாடு முறை! பொதுச் சொத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டிய அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தபோது, எனக்கு அந்தப் படகுகள்தான் கண்ணில் நின்றன.

பள்ளிக்கரணைக்கும் 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. இருநூறடி ரோட்டில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சதுப்பு நிலத்தைப் பார்க்கிறேன். வேடந்தாங்கல்காரர்களைப் போல ‘எங்க ஏரி’ என்று உரிமையோடு சண்டை போட இங்கே யார் இருக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, பொங்கல் முடிந்ததும் கிளம்பி வா. எழும்பூருக்கு நான் வந்துவிடுகிறேன். பழவேற்காட்டுக்குச் சேர்ந்தே போகலாம், பூநாரைகள் இருக்கும். அம்மா உன் கை நார்த்தங்காய் ஊறுகாய் கேட்கிறாள்.

அன்புடன்,
வசந்தி