எட்டாம் வகுப்பில் நான் தாண்டிய பாடம்

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளைகள் ஆபாசப் படம் பார்க்கிறார்கள், அவர்களின் செல்போனைப் பிடுங்கிவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசினீர்களாம். கோபம் நியாயம்தான். ஆனால் 2018-இல் மத்திய அரசு எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆபாசத் தளங்களை முடக்கியும் அவை வேறு பெயர்களில் முளைத்தன. மதகை இறக்கினாலும் நண்டு வளை வழியே தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும் என்பதை உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? குறுவை நடவுக்குப் பெற்றோர் விடியலிலேயே கிளம்பிவிட்டால் வீட்டில் மிஞ்சுவது பிள்ளையும் போனும்தான்.

என்னை உறுத்துவது வேறு. என் திண்ணைக்குக் கணக்குக் கேட்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "பெண்கள் வேண்டாம் என்று சொல்வது சும்மாதானே சார்?" என்றான். குறும்பு இல்லை, அல்ஜீப்ராவில் சந்தேகம் கேட்கும் அதே முகம். போனில் பார்த்த ஆபாசப் படத்தில் அப்படித்தான் வருகிறதாம். அது காசுக்கு நடித்து, வெட்டி ஒட்டிய காட்சி என்பது அவனுக்குத் தெரியவில்லை. தன் உடம்பில் ஏதோ குறை என்ற பயம் வேறு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றேன். தலையாட்டினான், நம்பினானா தெரியாது.

திட்ட எனக்கு வாய் வரவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' பாடம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டியவன் நான். மாணவிகள் கூச்சப்படுவார்கள் என்று காரணம் சொல்வேன். கூச்சப்பட்டது நான்.

சிறார் ஆபாசப் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முறையான பாலியல் கல்வியின் தேவையையும் அதே தீர்ப்பில் வலியுறுத்தியது. முதல் பாதியைச் சொல்லப் போலீஸார் பள்ளிக்கு வருகிறார்கள். இரண்டாம் பாதிக்குத்தான் ஆளில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: அந்தப் பாடம் முழுதாக நடத்தப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழையுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோருக்கு ஒருமுறை நடத்தினால் இன்னும் நல்லது. பயந்துபோன பிள்ளை முதலில் மறைப்பது நம்மிடம்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தலைமையாசிரியர் அறைக்குள் அல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதுங்கள்.

பாடம் நடக்கும் நாளில் கடைசி பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம்