தேர்தல் வைத்தால் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய கல்வித்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் மாணவர் தலைவருக்கான தேர்தல் நடந்தது. வாக்குச்சீட்டு, விரலில் மை, எதற்கும் குறைவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வென்றாள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைவர் பேட்ஜைக் குத்திக்கொண்டு நின்றவன் வேறொரு மாணவன். கேட்டால், அவளுக்கு மதிப்பெண் போதாதாம்.

அவள் கேட்ட வாக்கு எதற்கென்று சொல்ல வேண்டும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. மாலை மணியடிக்கும் வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுத்துவிடுகிறார்கள். தலைமையாசிரியரிடம் இதைப் பேச ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய கணக்கு மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் கோபப்பட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "தேர்தல் என்றால் அப்படித்தானே அப்பா" என்கிறாள் அதே வகுப்பில் படிக்கும் என் மகள். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைத்தது 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம். என் மகளுக்கோ பதினான்கிலேயே தேர்தல் சலித்துவிட்டது.

மக்களாட்சிக்கு லிங்கன் தந்த வரையறையை அவள் பிழையின்றி ஒப்பிப்பாள். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்க் குடவோலை முறையும் தெரியும். அங்கே உறுப்பினருக்கான வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகளை ஓலையைக் குடத்தில் போடும் முன்பே சொல்லிவிட்டார்கள். எடுத்த ஓலையைப் படித்துப் பார்த்தபிறகு அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நாகரிகத்தைத்தான் இப்போது கேட்கிறேன்: தேர்தல் வைத்தால் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022இல்தான் வந்தது. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஆண்டுதோறும் தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று வாக்காளர் உறுதிமொழி மட்டும் தவறாமல் எடுக்கப்பட்டது. அது உங்கள் துறையின் பொறுப்பு அல்ல, பொறுத்தருளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது ஒரு சுற்றறிக்கை. போட்டியிடத் தகுதி ஏதும் வேண்டுமென்றால் வேட்புமனுவுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். வென்றவருக்கே பொறுப்பு தரப்பட வேண்டும். மாணவர் தலைவர் எழுதிக் கொடுக்கும் கோரிக்கைக்கு 30 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்குத் தரும் அதே அவகாசம்தான். ஜூனில் பள்ளிகள் திறக்கும் முன் இதை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை