ஜி.இ. (ஜெனரிக் எலக்டிவ், விருப்பப் பாடம்) பேப்பர் எடுக்கும் முன்: டெல்லி பல்கலை மாணவர்களுக்கு

குழுவினருக்கு வணக்கம். ஆனர்ஸ் (ஒரு துறையை முதன்மையாகப் படிக்கும் பட்டம்) சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பக்கத்தில் இருப்பவர் எடுத்தார் என்று ஜி.இ. பேப்பரை எடுத்துவிடாதீர்கள். சொந்தத் துறைக்கு வெளியே படிக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. முதல் செமஸ்டரின் 22 கிரெடிட்டில் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) 4 அதற்குத்தான். இயற்பியல் மாணவர் தத்துவம் படிக்கலாம், வணிகவியல் மாணவர் உளவியல் பக்கம் போகலாம்.

பலர் கவனிக்காத விஷயம்: ஒரே துறையில் ஏழு ஜி.இ., அதாவது 28 கிரெடிட் முடித்தால், நான்காண்டுப் பட்டத்தில் அந்தத் துறை மைனராக, அதாவது துணைத் துறையாகச் சேரும். ஆகவே இப்போதே யோசியுங்கள்.

சில பேப்பருக்குப் பிளஸ் டூ கணிதம் வேண்டும். பாடத்திட்ட அட்டவணையில் கிரெடிட்டுக்குப் பக்கத்திலேயே தகுதி என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் படிக்காமல் பேப்பரை முடிவு செய்யாதீர்கள். அப்புறம், பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், சீனியர்கள் சொல்வார்கள்.