93ஆம் நெடுஞ்சாலையில் எங்களுக்காக வண்டியை நிறுத்தியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஜூலை கடைசி வாரத்தில் நாங்கள் ஐந்து பேர் கனடாவின் கால்கரியிலிருந்து, உள்ளேயே படுத்துத் தூங்கும் சின்ன ட்ரெய்லரைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ராக்கி மலைக்குப் போனோம். ஆறு இரவு தங்கினோம். போன ஐந்து பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அப்படி வந்து சேரக் காரணமானவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. முகவரி வாங்கத் தோன்றவில்லை, தோன்றியபோது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். "தமிழ்லயே எழுதுய்யா, அப்பதான் மனசுல உள்ளது அப்படியே வரும்" என்றார் அம்மா. மகள் இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதை வழியில் உள்ள முகாம்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட அனுமதி கேட்டிருக்கிறோம்.

முதல் நன்றி, கால்கரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு. இருபது வருடத்துக்கும் மேலாக லாரி ஓட்டுபவர். பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம் என்று கேள்விப்பட்டதும், மே மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை தன் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தின் காலி பார்க்கிங்கில் நின்றுகொண்டு எனக்கும் என் மனைவிக்கும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். ட்ரெய்லரை இழுத்தவர்களுக்குத் தெரியும், பின்னால் எடுக்கும்போது எல்லாமே தலைகீழாக இருக்கும். "தம்பி, கையை ஸ்டியரிங்குக்கு மேல வைக்காதையும். கீழ வையும். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேணுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தும். அவ்வளவுதான்." அந்த ஒரு வாக்கியம் எங்களை ஆறு நாளும் காப்பாற்றியது. ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்னால் கொக்கி மேல் இறங்க வேண்டும், பின்பக்கம் கனத்தால் வண்டி வாலாட்டும் என்று சொல்லி, அரிசி மூட்டையையும் தண்ணீர் கேன்களையும் தன் கையாலேயே முன்னால் மாற்றி வைத்தார். வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் தன்னுடைய ஸ்வே பாரையும் மாட்டிவிட்டார். அக்கா ஒரு போத்தல் கட்டச் சம்பல் தந்தார். அது மூன்றாம் நாளே காலி.

பான்ஃப் பூங்காவின் டனல் மவுண்டன் முகாமில் முதல் இரண்டு இரவு. அங்கே ரோந்து வந்த இளம்பெண்ணுக்கு ஒரு நன்றி. சாயங்காலம் சாப்பிட்டு முடித்து, சாம்பார்ப் பாத்திரத்தை வெளியே மர மேசை மேலேயே விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அந்தப் பெண் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் காவல் நின்றுகொண்டிருந்தார். வாசனை உள்ள எதுவும் வெளியே இருக்கக்கூடாது, பாத்திரம், அடுப்பு, குப்பைப் பை, பற்பசை எல்லாமே ட்ரெய்லருக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும் என்றார். ஒரு தடவை மனிதர் சாப்பாட்டு ருசி கண்ட கரடி மறுபடி முகாமுக்கு வரும், அப்படி வரத் தொடங்கிய கரடியைப் பல சமயம் கொல்லவே வேண்டியதாகிவிடும் என்று அவர் சொன்னபோது குரல் கம்மியது. அபராதம் போட்டிருக்கலாம். போடவில்லை. என் ஏழு வயது மகனைக் கூப்பிட்டு, கரடியைக் கண்டால் 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மானுக்கும், எல்க் என்ற பெரிய மானுக்கும் 30 மீட்டர் என்று காலடியால் அளந்து காட்டினார். மீதி நாளெல்லாம் பாத்திரங்களை எண்ணி உள்ளே வைப்பது அவன் வேலையாகிவிட்டது. கனடாவின் முதல் தேசியப் பூங்கா அது. 1885இலிருந்து அந்தக் காடு காடாக நிற்பதற்கு இப்படிப் பாத்திரத்துக்குக் காவல் நிற்பவர்களும் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி 93ஆம் நெடுஞ்சாலை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர். இருபுறமும் பனி மூடிய மலை, நடுவே பச்சையும் நீலமுமாக ஏரிகள். பெரும்பகுதித் தூரம் போனில் சிக்னல் கிடையாது. இடையில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராஸிங் என்ற ஒரே இடத்தில்தான். மூன்றாம் நாள் காலை 2,000 மீட்டருக்கு மேலுள்ள போ சம்மிட் என்ற கணவாயை ஏறிக் கடந்து, கீழ் கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தோம். தூறல் ஆரம்பித்திருந்தது.

பின்னால் வந்த சிறிய சிவப்புக் கார் விளக்கை அடித்துக்கொண்டே வந்தது. வழி விடச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கினேன். காரில் இருந்த இளைஞர்கள் இருவரும் எங்களைத் தாண்டாமல் பக்கத்திலேயே வந்து, கண்ணாடியை இறக்கி, ட்ரெய்லரின் வலப்பக்கச் சக்கரத்தையே கையால் காட்டினார்கள். நிறுத்திப் பார்த்தால் சக்கரத்தின் நடுவிலிருந்து புகை. கருகிய கிரீஸ் வாசனை. ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், மூடி கழன்று விழுந்திருந்தது. விளிம்பெல்லாம் கிரீஸ் கறுப்பாகத் தெறித்திருந்தது. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் உள்ளே சக்கரம் உருள வைக்கும் பேரிங் முழுதாக நொறுங்கிச் சக்கரமே கழன்றிருக்கும். ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுப் போகலாம் என்றாலும் மழையில், கைக்குழந்தைகளோடு பலர் நின்று படமெடுக்கும் அந்தச் சாலையோரத்தில் அதை எப்படி விடுவது?

அந்த இளைஞர்களே கிராஸிங் வரை ஓட்டிப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொன்னபடி சொல்லியும் இருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் பூங்கா வண்டி ஒன்று வந்து, எங்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, விளக்கைச் சுழலவிட்டு, வேலை முடியும்வரை அங்கேயே நின்றது. தம்பிகளே, நீங்கள் விளக்கு அடிக்காமல் தாண்டிப் போயிருந்தால் நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பூங்கா வண்டிக்கும் முன்னால் வந்து நின்றவர் இன்னொருவர். பழைய பிக்கப், பின்னால் எங்களுடையதைப் போலவே ஒரு சின்ன ட்ரெய்லர். எழுபது வயதுக்குக் குறையாது. தெற்கு ஆல்பர்ட்டாவில் மாடு வளர்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. "என்ன ஆச்சு?" என்றுகூடக் கேட்கவில்லை. குனிந்து, ஹப்புக்கு ஒரு சாண் தூரத்தில் புறங்கையைக் காட்டிச் சூட்டைப் பார்த்தார். பிறகு தன் ட்ரெய்லருக்குள் போய் ஒரு பழைய காபி டப்பாவை எடுத்து வந்தார். எங்கள் அச்சு 3,500 பவுண்டு தாங்குவது. அவருடையதும் அதே. டப்பாவுக்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய உள் பேரிங், வெளி பேரிங், ஆயில் சீல், ஸ்பிளிட் பின் எல்லாம் ஒரு செட். கழற்றிய பழைய பேரிங்கைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எல் 44649 என்ற எண்ணைத் தன் கையிலிருந்ததோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த இரண்டரை மணி நேரம் ஈரச் சரளையில் முட்டிபோட்டு அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ட்ரெய்லரைக் காரோடு சேர்த்தே வைத்து, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியைச் சட்டத்துக்குக் கீழே வைத்துத் தூக்கினார். ஹப்புக்குள் இறுகிக் கிடந்த பழைய பேரிங் வளையத்தைப் பித்தளைப் பஞ்ச் என்ற தட்டுக்கம்பியும் சுத்தியலும் கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டாகச் சாயாமல் வெளியே எடுத்தார். அச்சு முனையில் ஏறியிருந்த நீலக் கறையை உப்புத்தாளால் தேய்த்து, விரல் நகத்தால் தடவி, கீறல் ஆழமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் கிரீஸ் புழுப்போல் எட்டிப்பார்க்கும்வரை விடவில்லை. இரண்டாவது பேரிங்கை என் கையில் கொடுத்து, "நீ செய்" என்றார். செய்தேன். திருப்தியில்லாமல் திருப்பிக் கொடுத்தார். மறுபடி செய்தேன். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகிப் பின்னைப் போட்டார்.

பிரேக்கில் கிரீஸ் இறங்கிவிட்டது, துடைத்திருக்கிறேன், ஆனாலும் அந்தப் பக்கம் பிடிக்காது, ஊர் போனதும் மாற்று, அதுவரை மெதுவாகப் போ என்றார். 80 கிலோமீட்டர் போனதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னார். எப்போது நிறுத்தினாலும் முதல் வேலையாக ஹப்பைத் தொட்டுப் பார், கை வைக்க முடியாத சூடென்றால் நகராதே என்றார். வாங்கியபோது டயரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து எத்தனை வருடமாயிற்று என்று நான் கேட்கவில்லை. என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் அதைக் குற்றமாகச் சொல்லவே இல்லை.

இதற்கிடையில் அம்மாவை மோட்டார் ஹோமில் வந்த கியூபெக் குடும்பம் ஒன்று உள்ளே அழைத்துப் போய், போர்வை போர்த்தி உட்கார வைத்திருந்தது. அம்மாவுக்கு 71 வயது, கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த உடம்பு. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து, "ஏய்யா, அந்த அண்ணாச்சி மழையில நனையுதாரு, ஒரு டீயாவது போட்டுக் குடுத்தியா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பெயர். இஞ்சி டீயும் எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டார். பேரிங்குக்காவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். கையை விரித்துக் காட்டிவிட்டு, அம்மா நீட்டிய நார்த்தங்காய் ஊறுகாய்ப் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று இரவு ராம்பார்ட் கிரீக் முகாம். அங்கே மின்சார இணைப்பு கிடையாது. நள்ளிரவில் பாட்டரி இறங்கி ஹீட்டரின் விசிறி நின்றுபோனது. வெளியே மூன்று டிகிரி. குளிருக்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று தீக்குச்சியை எடுத்துவிட்டேன். வெளிச்சம் பார்த்து வந்து கதவைத் தட்டிய பக்கத்து இடத்துத் தம்பதி அதைத் தடுத்தார்கள். மூடிய ட்ரெய்லருக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்றார் அந்த அம்மையார். தங்கள் அடுப்பை வெளியே வைத்துத் தண்ணீர் காய்ச்சி, நான்கு பிளாஸ்டிக் போத்தல்களில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, குழந்தைகளின் காலடியிலும் அம்மாவின் வயிற்றருகிலும் வைத்தார்கள். விடியும்வரை சூடு இருந்தது. காலையில் தங்கள் சோலார் பலகையிலிருந்து எங்கள் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள்.

அதனால்தான் அம்மா அதபாஸ்கா பனிப்பாறையைப் பார்க்க முடிந்தது. ஏறும் பாதையில், பனி எந்த ஆண்டு எதுவரை இருந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. சரளை மேட்டில் அம்மா தயங்கி நின்றபோது, எட்மன்டனிலிருந்து வந்திருந்த பஞ்சாபிப் பாட்டி ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குப் பஞ்சாபி தெரியாது. மேலே போய்ச் சேரும்வரை இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். மேலே அம்மா வெகுநேரம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டிக்கும், ஒவ்வொரு பலகையிலும் நின்று மூச்சு வாங்கவைத்த அவருடைய பேரனுக்கும் எங்கள் வணக்கம்.

அந்தச் சாலையைப் போட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். பொருளாதார மந்த காலத்தில், 1931இல், வேலையில்லாமல் நின்றவர்களை வைத்து அதைத் தொடங்கி, 1940இல் திறந்தார்கள். அதில் எத்தனை பேர் கைகள் காய்த்துப்போயிருக்கும். அவர்கள் யாரையும் நாங்கள் பார்க்கப்போவதில்லை.

கடைசியாக, அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு செய்தி. வீட்டுக்கு வந்து ட்ரெய்லரைத் துடைக்கும்போது, படிக்குக் கீழே உங்கள் பித்தளைப் பஞ்ச் கிடந்தது. தலை தேய்ந்து காளான்போல் விரிந்திருக்கிறது, பிடியில் இரண்டு எழுத்துகள் கீறியிருக்கிறது. பல வருடம் உங்கள் கையில் இருந்த பொருள் என்று பார்த்தாலே தெரிகிறது. துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு புது பேரிங் செட், அதே எண், நீங்கள் எங்களுக்காகக் காலி செய்த டப்பாவுக்கு. அம்மா இன்னொரு போத்தல் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.