அந்த நோட்டுப் புத்தகத்தைச் சுமந்தவர்களுக்கு

இயேசுவில் பிரியமான அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளே,

திருப்பயணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதிப் பேருடைய முகவரி என்னிடம் இல்லை. சிலருடைய பெயரே தெரியாது. அதனால் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன். இதில் வருகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதல் நன்றி, நோட்டில் பெயர் எழுதித் தந்த தாய்மாருக்கு. அமைதிக்காக நாம் கூடிச் செபிக்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த நோட்டு கைமாறிப் போனது. போரில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், துப்பாக்கி எடுத்தவர்கள், எடுக்க மறுத்தவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். ஓர் அம்மா தன் மகன் பெயரை எழுதிவிட்டு, அவன் கையால் இறந்த பையனின் பெயர் தெரியாமல் கீழே ஒரு கோடு மட்டும் போட்டுத் தந்தார். பெயர்களை வாசிக்கும்போது அந்தக் கோடு வந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றேன். எல்லாத் திருத்தலத்திலும் அப்படியே செய்தேன் அம்மா.

எந்தப் புனிதர்களிடம் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. போர் என்றால் என்னவென்று அறிந்து, அதிலிருந்து விலகியவர்களிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். பிரான்சில் தூர் நகரில் அடக்கமாகியிருக்கிற புனித மார்ட்டின் உரோமைப் படைவீரராக இருந்தவர். "நான் கிறிஸ்துவின் வீரன், போரிடுவது எனக்கு ஆகாது" என்று சொல்லிப் படையை விட்டவர். அவருடைய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் 1918இல் ஓய்ந்ததும் அதே தேதியில்தான். பேராலயத்தின் நிலவறையில், அவர் கல்லறைக்குப் பக்கத்தில், எனக்காக நாற்காலி கொண்டுவந்து போட்ட பெரியவருக்கு நன்றி. என் முழங்கால் படும் பாட்டை நான் சொல்லாமலே கண்டுகொண்டார்.

அப்புறம் சுவிட்சர்லாந்து. அங்கே என்னை ஐந்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்ட ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. புனித நிக்கோலாஸ் வாழ்ந்த ரான்ஃப்ட் ஒரு பள்ளத்தாக்கு. இறங்குகிற பாதை செங்குத்து. "அக்கா, கையைப் பிடியுங்கோ" என்று அந்தத் தம்பி கீழே போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை.

நிக்கோலாஸ் 1417இல் பிறந்தவர். விவசாயி, போருக்கும் போய் வந்தவர், பத்துப் பிள்ளைகளின் தகப்பன். 1467இல் மனைவி தொரோத்தேயாவின் சம்மதத்தோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடைசியில் தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே தவ வாழ்வு வாழ்ந்தார். 1481 டிசம்பரில் சுவிஸ் மாநிலங்கள் தங்களுக்குள்ளேயே போர் தொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஸ்டான்ஸ் ஊரில் நடந்த பேச்சு முறிந்தது. அவ்வூர்ப் பங்குத்தந்தை ஹைமோ அம்குருண்ட் இரவோடு இரவாக ரான்ஃப்டுக்கு வந்தார். நிக்கோலாஸ் சொன்ன ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு உடனே திரும்பினார். கலைந்து போக இருந்தவர்களைக் கெஞ்சி மறுபடி உட்கார வைத்தார். டிசம்பர் 22 அன்று உடன்பாடு ஆயிற்று. நிக்கோலாஸ் அன்றிரவு என்ன சொன்னார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அந்தப் பங்குத்தந்தையின் கால்களைத்தான் நினைக்கத் தோன்றியது. குளிர் காலத்து இருட்டில் அந்தப் பாதையில் நடந்த கால்கள்!

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி ஒன்றும் பேசவில்லை. சிற்றாலயத்தோடு ஒட்டியிருக்கிற அந்தத் தாழ்ந்த அறையில் நோட்டை வாங்கித் தன் அண்ணன் பெயரை எழுதினார். அந்த அண்ணன் போரில் காணாமல் போனவர். தம்பியின் மனைவி, பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியை மட்டும் எழுதினார். தம்பி, தங்கச்சி, அந்த ஒரு வரியை என்னை நம்பித் தந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி. சாப்பாடும் படுக்கையும் அதற்குப் பிறகுதான்.

அந்த நோட்டைத்தான் நான் இத்தாலியில் அசிசிக்குப் போகும் ரயிலில் மறந்து வைத்துவிட்டு இறங்கினேன். அன்றிரவு மடத்தில் நான் அழுததைப் பார்த்த அருட்சகோதரிகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னோடு சேர்ந்து செபமாலை சொன்னார்கள். எதிர் இருக்கையில் இருந்த மாணவி நோட்டின் அட்டையில் இருந்த சுவிஸ் எண்ணுக்குப் பேசி, விவரம் கேட்டு, மறுநாள் மாலை மடத்து வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடினாள். பெயர்கூடக் கேட்க விடவில்லை. மகளே, நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

அசிசியில் புனித பிரான்சிஸின் கல்லறை முன் அன்று வெகுநேரம் இருந்தேன். பக்கத்து நகரமான பெரூஜியாவுக்கு எதிரான போரில் பிடிபட்டுச் சிறையில் கிடந்த அதே இளைஞர்தான் 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசினார். "அமைதியின் கருவியாய் என்னை ஆக்கியருளும்" என்று நாம் சொல்லும் செபம் அவர் எழுதியதல்ல. 1912இல் ஒரு பிரெஞ்சு இதழில்தான் அது முதலில் வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாத அந்தச் செபத்தைச் சொல்லி, நோட்டில் வெறும் கோடாக இருக்கிற, பெயர் தெரியாத அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டேன்.

கடைசியாக ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடகுண்ட், சின்னக் கிராமம். அருளாளர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் அங்கே விவசாயி, பங்குக் கோவிலில் கோவில்பிள்ளை. ஹிட்லரின் படையில் போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலையை வெட்டினார்கள். அவருடைய சாம்பல் எது என்று அடையாளம் வைத்துப் பாதுகாத்தவர்கள் அருட்சகோதரிகள். 1946இல் அது ஊருக்கு வந்து, கோவில் சுவர் ஓரமாக அடக்கமானது. மனைவி ஃபிரான்சிஸ்கா சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, ஊரார் பேச்சையும் சகித்து வாழ்ந்தார். 2007இல் லின்ஸ் நகரில் கணவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 94. நேரிலேயே பார்த்தார். ஃபிரான்ஸைப் பற்றிப் பேசும்போது இந்த அம்மாவை நாம் விட்டுவிடுகிறோம். அது எனக்கு எப்போதும் வருத்தம்.

அங்கே என்னைத் தங்க வைத்த வயதான தம்பதிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. நான் தமிழில் பெயர்களை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் "ஆமென்" என்றார்கள். கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினேன். அவர்களும் நிறுத்தினார்கள். நான் எதையும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

பயணச் செலவுக்குக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றவருக்கும், விசாவுக்காக என்னோடு அலைந்த தம்பிக்கும், நான் இல்லாத நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி.

நோட்டில் இன்னும் நான்கு பக்கம் மீதி இருக்கிறது. வருகிற ஆகஸ்ட் 9 அன்று ஃபிரான்ஸின் கல்லறையில் விளக்கேற்றுவதாக அந்த ஆஸ்திரியத் தம்பதி தெரிவித்திருக்கிறார்கள். பெயர் சேர்க்க நினைப்பவர்கள் ஜூலைக்குள் எனக்குத் தெரிவியுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
உங்கள் சகோதரி