காலிக் கட்டத்துக்கு என்ன பொருள்?

ஆசிரியருக்கு,

வணக்கம். என் தம்பிக்கு இருமுனைய மனநிலைக் கோளாறு; மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரையைப் பதினோரு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறான். வடசென்னையில் இரண்டு மருத்துவமனைகளுக்கு மாறி மாறி அவனை அழைத்துப் போகிறேன். மருத்துவச் சீட்டுகளைத் துணிப்பையில் சுமந்து அலைந்த எனக்கு, இரண்டு இடங்களிலும் கணினிப் பதிவு வந்தபோது ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

போன கத்திரி வெயிலில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. மறுநாள் கை நடுங்கி, நாக்குக் குழறியது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அது ஆபத்து. பணியில் இருந்த இளம் மருத்துவர் திரையைப் பார்த்தார். லித்தியம் அளவுக்கான கட்டம் காலி. கீழே, தற்கொலை எண்ணம் உண்டா என்ற கட்டமும் காலி. சோதனையே எடுக்கவில்லையா, எடுத்தும் ஏற்றவில்லையா? அவனைக் கேட்டு 'இல்லை' என்றானா, யாரும் கேட்கவே இல்லையா? பழைய பழக்கத்தில் நான் எடுத்துப்போன துணிப்பையில் இரண்டு மாதத்துக்கு முந்தைய ரத்தச் சோதனைத் தாள் இருந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் அன்று மருத்துவர் பேசத் தொடங்கினார்.

மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தர வரையறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே திருத்தி வெளியிட்டுவிட்டது. ஆனால் தம்பியின் நோய் ஓரிடத்தில் பத்தாம் பதிப்புக் குறியீடான 'எஃப் 31', இன்னோரிடத்தில் வெறும் 'மனநோய்'. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் அதற்குக் குறியீடே வேறு. மதிப்பெண் 20 என்று ஒரு பதிவு இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ. 9 கேள்வித்தாள் என்றால் உச்சம் 27. மனம் பொங்கும் மிகையெழுச்சியை அளக்கும் யங் அளவுகோல் என்றால் 60. எந்தக் கேள்வித்தாளின் 20 அது?

ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலை ஒன்பது மணி வரிசையை நானே பார்க்கிறேன். ஐம்பது கட்டங்களைத் திணித்தால் கை போன போக்கில் தட்டிவிடுவார்கள். சில கட்டங்கள் போதும், ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே மாதிரி: பதிப்போடு நோய்க் குறியீடு, மில்லிகிராமோடு மருந்து, தேதியோடு ரத்த அளவு. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு மட்டும் 'கேட்டோம், இல்லை', 'கேட்டோம், உண்டு', 'கேட்கவில்லை' என்று தனித்தனி விடை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. எங்கள் தெருக்களில் பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நோய் விவரம் சிகிச்சை தருபவரின் திரையில் மட்டும் திறக்க வேண்டும். அந்தரங்கம் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிறது. தன் பதிவைப் பார்க்கும் உரிமை 25ஆம் பிரிவில் இருக்கிறது. சென்ற மாதம் தம்பியே போய்த் தன் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கினான். மாத்திரையின் பெயர் இருந்தது. அவன் அன்றாடம் சாப்பிடும் 900 மில்லிகிராம் அதில் இல்லை.

ஒரு அக்காள்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81